கூப்பிட்டா வரமாட்டேங்குறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி

"அந்த ஆளுங்கள எத்தனை தடவ கூப்பிட்டாலும் ஸ்கிரீனிங்குக்கு வரமாட்டாங்க, அவங்க கலாச்சாரம் அப்படி." இத நான் மீட்டிங்ல கேட்டிருக்கேன், டூட்டி மாத்தற நேரத்துல கேட்டிருக்கேன், மனசார உழைக்கற நர்ஸுங்க வாயிலயும் நல்ல டாக்டருங்க வாயிலயும் கேட்டிருக்கேன். சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா அப்படி சொல்லிட்டா அதோட யோசிக்கற வேலை முடிஞ்சுடுது, பழி மொத்தமும் வராத அந்தப் பொம்பள மேல போயிடுது, கிளினிக் எப்பவும் போல இருந்துக்கலாம்.

ஸ்கிரீனிங்னா நோயோட அறிகுறி எதுவும் வர்றதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பாக்கறது, நான் அந்த ஸ்கிரீனிங் கிளினிக்ல வேலை பாக்கற நர்ஸ். கர்ப்பப்பை வாய், மார்பகம், பெருங்குடல், இந்த மூணு புற்றுநோய்க்குத்தான் முக்கியமா ஆளுங்கள கூப்பிட்டு சோதிக்கறோம். பல நாடுகள்ல ஒரே கதைதான், மொழியாலயோ மதத்தாலயோ நிறத்தாலயோ சின்னக் கூட்டமா வாழறவங்க, பூர்வகுடிங்க, அகதியா வந்தவங்க சோதனைக்கு கம்மியா வர்றாங்க, அப்புறம் நோய் முத்தின நிலையில ஆஸ்பத்திரிக்கு வர்றதுலயும் அவங்கதான் அதிகம். கலாச்சாரத்துக்கு ஏத்த நர்சிங்னு இப்ப எல்லாரும் பேசறாங்க, டிரெயினிங் குடுக்கறாங்க, போஸ்டர் ஒட்டறாங்க. என்னக் கேட்டா அதுல முக்கால்வாசி அந்த மக்கள எப்படி மாத்தறதுங்கற பேச்சாவே இருக்கு. மாற வேண்டியது கிளினிக்தான்.

ஸ்கிரீனிங்னு சொல்லி நாம ஒருத்தங்ககிட்ட என்ன கேக்கறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உடம்புல ஒரு வலி இல்ல, ஒரு தொந்தரவு இல்ல, நல்லா இருக்கற ஆளக் கூப்பிட்டு, முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி துணிய அவுருங்க, படுங்க, கால விரிங்க, மார்ப இந்த மிஷின்ல வைங்க, மலத்த எடுத்து இந்தக் குப்பியில போட்டு அனுப்புங்கன்னு சொல்றோம். இத சொல்றதுக்கு ஒரு லெட்டர் போடறோம், அது பாக்க கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு. படிக்கத் தெரியும்னு நெனச்சு போடறோம், பகல்ல லீவு கிடைக்கும்னு நெனச்சு டைம் குடுக்கறோம், முடிவ அவங்க ஒருத்தரே எடுத்துடுவாங்கன்னு நெனச்சுக்கறோம். பின்னாடி திறந்திருக்கற கவுன் ஒண்ணக் குடுத்து மாத்திக்கச் சொல்றோம், யாரோ வடிவமைச்ச ஃபார்ம்ல இருக்கற வரிசைப்படி மொதக் கேள்வியே தாம்பத்தியத்தப் பத்திக் கேக்கறோம். இதெல்லாம் நம்ம கலாச்சாரம். அதுக்குள்ளயே நிக்கறதால நமக்கு அது தெரியறதில்ல.

இத எனக்கு முன்னாடி ரொம்பத் தெளிவா சொன்னவங்க நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரி இனத்து நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். அமெரிக்காவுல மேடலின் லெய்னிங்கர்னு ஒரு நர்ஸ், மானுடவியலும் படிச்சவங்க, 1950கள்லேர்ந்தே நோயாளியோட கலாச்சாரத்த நர்ஸ் தெரிஞ்சுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதுவே பெரிய விஷயம்தான். ராம்ஸ்டன் இன்னும் ஒரு படி மேல போனாங்க. நர்ஸ் மொதல்ல பாக்க வேண்டியது தன்னோட கலாச்சாரத்தையும் தன் கையில இருக்கற அதிகாரத்தையும்தான், அப்புறம் கவனிப்பு பத்திரமா இருந்துச்சா இல்லையான்னு சொல்ற உரிமை அத வாங்கிக்கறவங்களுக்குத்தான் உண்டு, குடுக்கறவங்களுக்கு இல்லன்னாங்க. 1992ல நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் இத நர்சிங் படிப்புக்குள்ளயே கொண்டுவந்துச்சு, அப்ப அங்க பெரிய எதிர்ப்பும் கிளம்புச்சு. 2003ல அவங்க இறந்துட்டாங்க. இன்னிக்கும் ஒரு பேஷன்ட் திருப்தியா போனாங்கன்னு நான் ஃபைல்ல எழுதும்போது, அத அவங்க சொன்னாங்களா நானா எழுதறேனான்னு ஒரு தடவ யோசிக்க வைக்கறது ராம்ஸ்டன் சொன்னதுதான்.

நம்பிக்கை இல்லன்னு அடுத்த பேச்சு வரும். அவங்களுக்கு ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை கம்மி சிஸ்டர், விழிப்புணர்வு குடுக்கணும்னு சொல்வாங்க. ஆனா நம்பாததுக்குக் காரணம் இருக்கற இடத்துல விழிப்புணர்வு குடுத்து என்ன ஆகப்போகுது? அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல 1932லேர்ந்து 1972 வரைக்கும், நாப்பது வருஷம், அரசாங்க சுகாதாரத்துறையே சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு சிகிச்சை தராம நோய் எப்படி முத்துதுன்னு கவனிச்சுக்கிட்டு இருந்துச்சு, அத குணப்படுத்தற பென்சிலின் வந்த அப்புறமும் தரல. டஸ்கீகி ஆய்வுன்னு பேரு. அதுல நான் அடிக்கடி நெனச்சுப் பாக்கறது யூனிஸ் ரிவர்ஸ்ங்கற நர்ஸ. அவங்களும் கறுப்பினப் பெண்தான், அந்த ஊர் மக்களோட பேச்சு, பழக்கம், சர்ச், குடும்பம் எல்லாம் தெரிஞ்சவங்க. அந்த ஆண்கள் திரும்பத் திரும்ப சோதனைக்கு வந்ததுக்குப் பெரிய காரணமே அவங்கதான், கார்ல கூட்டிட்டுப் போவாங்க, பேர் சொல்லி நலம் விசாரிப்பாங்க. கலாச்சாரத்துக்கு ஏத்த நர்சிங்னு இன்னிக்கு நாம கிளாஸ்ல சொல்லித்தர எல்லாமே அங்க இருந்துச்சு. சிகிச்சை மட்டும்தான் இல்ல.

அதனாலதான் ஒரு சமூகத்தோட நம்பிக்கைய எப்படி சம்பாதிக்கறதுன்னு மட்டும் சொல்லிக்குடுக்கற டிரெயினிங்க நான் முழுசா ஏத்துக்கறதில்ல. சம்பாதிச்ச நம்பிக்கைய வச்சு அவங்களுக்கு என்ன செய்யப்போறோம்ங்கற கேள்வி அதுக்குள்ளயே இருக்கணும். வராதவங்கள்ல நெறைய பேரு டஸ்கீகின்னு ஒண்ணக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க, ஆனா அவங்கவங்க குடும்பத்துல ஒரு கதை இருக்கும், பிரசவத்துல யாரோ கத்தினது, கையெழுத்து வாங்கிட்டு கர்ப்பப்பைய எடுத்தது, பேசின பாஷையக் கேட்டு சிரிச்சது. அத விழிப்புணர்வு நோட்டீஸ் அழிச்சுடாது.

விதின்னு விட்டுடறாங்கன்னு சொல்றதும் அப்படித்தான். புற்றுநோய்னா சாவுதான்னு அவங்க நம்பறாங்க, அதான் வர்றதில்லன்னு. சரி, அவங்க கண்ணால என்ன பாத்திருக்காங்க? நியூயார்க்ல ஹார்லெம் ஆஸ்பத்திரியில 1964லேர்ந்து 1986 வரைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்த 606 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் முத்தின நிலையில வந்தவங்க, அஞ்சு வருஷம் தாண்டி உயிரோட இருந்தது 39 சதவீதம்தான். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். அந்தத் தெருவுல வளர்ற பொண்ணு புற்றுநோய்னா சாவுன்னு நெனச்சா அது மூடநம்பிக்கையா? பார்த்தத சொல்றா. அங்க சர்ஜனா இருந்த ஹரோல்ட் ஃப்ரீமன் செலவில்லாமயோ கம்மி செலவுலயோ மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க வழி பண்ணினாரு, 1990ல ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் கூடவே நின்னு வழிகாட்ட ஆள் போட்டாரு, அதுதான் இன்னிக்கு நேவிகேட்டர்னு சொல்றோமே அதோட ஆரம்பம். 1995லேர்ந்து 2000 வரைக்கும் வந்த 325 பேர்ல அஞ்சு வருஷம் தாண்டினவங்க 70 சதவீதம். மாறினது அந்த மக்களோட மனசு இல்ல, ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து ரிசல்ட் வரைக்கும் இருந்த பாதை.

நர்ஸுங்க இந்த வேலைய எடுத்தா என்ன ஆகும்னு அமெரிக்காவோட டெலவேர் மாநிலத்துல பாத்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் அது. 2002ல அங்க ஐம்பது வயசு தாண்டின கறுப்பின மக்கள்ல பெருங்குடல் சோதனை எடுத்தவங்க 48 சதவீதம், வெள்ளையர்கள்ல 58. மாநிலமே சோதனைச் செலவ ஏத்துக்கிச்சு, இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு புற்றுநோய்னு வந்தா ரெண்டு வருஷ சிகிச்சைச் செலவையும் ஏத்துக்கிச்சு, ஆஸ்பத்திரிகள்ல நர்ஸ் நேவிகேட்டர்கள உக்கார வச்சாங்க, அவங்க ஃபோன் பண்ணி, குழாய் விட்டு குடலப் பாக்கற சோதனைக்கு முன்னாடி குடல் சுத்தம் பண்ற மருந்த எப்படிக் குடிக்கறதுன்னு சொல்லி, அன்னிக்கு வீட்டுக்குத் திரும்ப வண்டி இருக்கான்னு கேட்டு, சமூக அமைப்புகளோட சேர்ந்து வேலை பாத்தாங்க. 2009ல ரெண்டு கூட்டமும் 74 சதவீதத்துல வந்து நின்னுச்சு. கறுப்பின மக்கள்ல பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு 42 சதவீதம் குறைஞ்சுச்சு. ஏழு வருஷம்தான். அவங்க கலாச்சாரம் அப்படின்னு யாராவது சொன்னா நான் இந்த டெலவேர் கணக்கத்தான் எடுத்து வைப்பேன்.

இப்ப ரூமுக்குள்ள வர்றேன், என் வேலை அங்கதான். ஒருநாள் அம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, கூட அவங்க மருமக. அம்மாவுக்கு எங்க பாஷை தெரியாது, மருமகதான் சொல்றா. உள்ள நுழைஞ்சப்பவே ரெண்டு பேரும் நெருக்கமா உக்காந்தாங்க, நல்ல பாசமான பொண்ணுதான். ஆனா கடைசியா எப்ப உறவு, ரத்தப்போக்கு உண்டான்னு மருமக வாயால மாமியார எப்படிக் கேக்கறது? மருமகள வெளிய கொஞ்சம் உக்காரும்மான்னு மரியாதையா சொல்லிட்டு ஃபோன்ல மொழிபெயர்ப்பாளரப் பிடிச்சேன். பொம்பளையா இருக்கணும், இந்த ஊரா இருக்கக்கூடாது, ரெண்டையும் நான் கேட்டு வாங்குவேன், ஏன்னா சின்ன சமூகத்துல மொழிபெயர்க்கறவங்க நாளைக்கே ஒரு கல்யாணத்துல பக்கத்துல வந்து உக்காருவாங்க. மொழிபெயர்ப்பாளர்கிட்ட பேஷன்ட்டோட பேரையும் சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா தலைய மூடியிருந்தாங்க, கைய மடியில இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, யார் பாத்தாலும் இது கூச்சம்னுதான் சொல்லுவாங்க. ஃபோன்ல குரல் வந்ததும் அவங்க கேட்ட மொதக் கேள்வி, "சிஸ்டர், நான் இங்க வந்தது எந்தெந்த ஆபீஸுக்குப் போகும்?" குடியுரிமைப் பேப்பர் இன்னும் முடியல, ஒரு நோய் பேரு ஃபைல்ல ஏறினா அதுல கைவைப்பாங்களோன்னு பயம். ரெண்டாவது கேள்வி, "ஏதாவது இருந்துச்சுன்னா எம்புள்ளைக்கு ஃபோன் போட்டு சொல்லுவீங்களா?" ரெண்டுக்கும் நிதானமா பதில் சொன்னேன், யார் பாப்பாங்க, யார் பாக்க முடியாது, அவங்க குடுக்கற நம்பர்ல அவங்க சொல்ற நேரத்துல அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவோம்னு. அதுக்கப்புறம் சோதனை பத்துநிமிஷம்கூட ஆகல. பெண் நர்ஸ், மூடின கதவு, திரைன்னு நாங்க செஞ்சு வச்சிருந்த எல்லாம் தேவைதான், ஆனா அவங்க பயம் அங்க இல்லவே இல்ல. அந்த சமூகத்துக்கு இப்படி நடந்துக்கணும்னு எழுதி வச்ச பட்டியல் ஒண்ணு எங்க அலமாரியில இருக்கு, அதுல இந்த ரெண்டு கேள்வியும் கிடையாது. இருக்கவும் முடியாது, கேட்டாத்தான் வரும். பட்டியல நம்பி இருக்கற நர்ஸ் இவங்க மதம் இது, அதனால இவங்களுக்கு இது பிடிக்காதுன்னு முன்கூட்டியே முடிவு கட்டிடுவா, அதுவும் ஒரு விதத்துல கதவ சாத்தறதுதான்.

சோதனைய எப்படி செய்யறோம்ங்கறதும் நர்ஸ் கையில நெறைய இருக்கு. கவுன் வேண்டாம், பாவாடையோ அகலமான துணியோ போட்டுக்கிட்டே பண்ணலாம், தலைத்துணிய எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. வயித்துலேர்ந்து முட்டி வரைக்கும் ஒரு போர்வை. கர்ப்பப்பை வாயப் பாக்க உள்ள வச்சு விரிக்கற ஸ்பெகுலம்ங்கற கருவிய மொதல்ல அவங்க கையில குடுத்து, திறக்கறப்ப வர்ற டக்குங்கற சத்தத்த அவங்களே கேக்கட்டும், படுத்திருக்கறப்ப எங்கேர்ந்தோ அந்தச் சத்தம் கேட்டா பயந்துடறாங்க. சின்ன சைஸ் எடுத்து வைக்கணும், வெதுவெதுப்பான தண்ணி காட்டணும், விருப்பப்பட்டா அவங்களே உள்ள வச்சுக்கலாம், கைய தூக்கினா நான் உடனே நிறுத்திடுவேன்னு முன்னாடியே சொல்லி, தூக்கினா நெசமாவே நிறுத்தணும். வன்முறைய அனுபவிச்சவங்க எந்த சமூகத்துலயும் உண்டு, அகதியா வந்தவங்கள்ல இன்னும் அதிகமா இருக்கலாம், அவங்க வாயத் திறந்து சொல்லணும்னு நாம காத்திருக்கக் கூடாது, எல்லாருக்கும் இப்படியே செஞ்சா யாரும் சொல்ல வேண்டியதில்ல. மேமோகிராம்லயும் ஒரு சமயத்துக்கு ஒரு பக்கம் மட்டும் திறந்தா போதும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல பூர்வகுடிப் பெண்களுக்குன்னு அவங்க கலைஞர்களே வரைஞ்ச சால்வை ஒண்ணு செஞ்சு, கவுனுக்கு பதிலா அதப் போத்திக்கிட்டே மேமோகிராம் எடுக்க வச்சாங்க, அந்த வேலைய பூர்வகுடி சுகாதார அமைப்புகளோட சேர்ந்து பண்ணினாங்க. நல்ல யோசனைன்னா இப்படி இருக்கணும், சின்னது, ஆனா அந்தப் பெண் உள்ள நுழைஞ்சதுமே இங்க நம்மள நெனச்சிருக்காங்கன்னு புரிஞ்சுடும்.

கர்ப்பப்பை வாய் விஷயத்துல இப்ப இன்னும் பெரிய மாற்றம் வந்திருக்கு, அந்தப் புற்றுநோய உண்டாக்கற எச்பிவி வைரஸ் இருக்கான்னு பாக்கற சோதனைக்கு அவங்களே பஞ்சுக்குச்சியால மாதிரி எடுத்துக்கலாம், ஸ்பெகுலமே தேவையில்ல. ஆஸ்திரேலியா 2022 ஜூலையில எல்லாருக்கும் இந்த வசதியக் குடுத்துச்சு, நியூசிலாந்து 2023 செப்டம்பர்ல. நியூசிலாந்தோட வடக்குப் பகுதியில சோதனைக்கே வராம இருந்த மாவோரி பெண்கள்கிட்ட முன்னாடி பண்ணின ஆய்வுல, தானே எடுக்கற வாய்ப்பு குடுத்தப்ப சோதனை எடுத்துக்கிட்டவங்க ஏறக்குறைய மூணு மடங்கு. ஆனா குச்சிய தபால்ல அனுப்பிட்டா வேலை முடிஞ்சுச்சுன்னு இல்ல, எவ்வளவு தூரம் உள்ள போகணும், எத்தனை தடவ சுத்தணும், தப்பா எடுத்தா என்ன ஆகும்னு பக்கத்துல இருந்து சொல்ல ஆள் வேணும். பெருங்குடல் சோதனைக் குப்பியும் அப்படித்தான், நான் களிமண் உருண்டைய வச்சு மேல்பக்கம் எப்படி லேசா சுரண்டணும், குச்சிய எப்படித் திரும்ப மூடணும், தேதி எங்க எழுதணும்னு செஞ்சு காட்டுவேன். சுத்தம் பத்தின கேள்விகள் வரும், எந்தக் கையில தொடறது, எங்க வைக்கறது, அதுக்கப்புறம் தொழலாமா, கும்பிடலாமான்னு. அதெல்லாம் சோதனைக்கு சம்பந்தமில்லாத கேள்வின்னு தள்ளாதீங்க, அதுக்கு பதில் கிடைக்காமத்தான் குப்பி அலமாரியிலயே கிடக்குது.

அந்த மக்கள்லேர்ந்தே ஆள் வேணும்ங்கறது எல்லாரும் ஒத்துக்கற விஷயம், அதனால நீட்டிப் பேசல. அமெரிக்காவுல ஆர்கன்சாஸ்ல 1990களோட தொடக்கத்துல புற்றுநோயிலேர்ந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் சர்ச்சுல நின்னு தங்க கதையச் சொல்லி மத்தவங்கள சோதனைக்கு அழைச்சாங்க. கலிபோர்னியாவுல வியட்நாம் வம்சாவளிப் பெண்கள்கிட்ட பண்ணி 2007ல வந்த ஆய்வுல, கர்ப்பப்பை வாய்லேர்ந்து செல் எடுத்துப் பாக்கற பாப் டெஸ்ட்டே எடுக்காதவங்கள்ல ரேடியோ, பத்திரிகை விளம்பரம் மட்டும் போனவங்க 27 சதவீதம் பேர் எடுத்துக்கிட்டாங்க, அதோட அவங்க சமூகத்துப் பெண்ணே வந்து உக்காந்து பேசினவங்க 46 சதவீதம். எனக்கு இதுல மனசு பொறுக்காத இடம் ஒண்ணு இருக்கு. அந்தப் பெண்களுக்கு நாம என்ன குடுக்கறோம்? பல இடத்துல ஒரு டி-ஷர்ட், ஒரு சர்டிபிகேட், ரெண்டு வருஷ புராஜெக்ட். நர்ஸுக்கு சம்பளம் உண்டு, டாக்டருக்கு உண்டு, ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபோன் எடுத்து பயப்படாதேன்னு சொல்ற அவங்களுக்கு கிடையாது. புராஜெக்ட் முடிஞ்சதும் கிளினிக் போயிடும், கடைத்தெருவுல அந்த மக்க முகத்துல முழிக்க வேண்டியது அவங்கதான். நிரந்தர வேலை, மாசச் சம்பளம், மீட்டிங்ல ஓட்டு, இது மூணும் இல்லாம சமூகப் பங்களிப்புன்னு அறிக்கையில எழுதறது நியாயமே இல்ல.

இன்னும் பேசாம விடக்கூடாதது ரிசல்ட். எத்தனை பேர் வந்தாங்கன்னுதான் எல்லாரும் எண்ணறாங்க. வந்து, சோதனையில ஏதோ இருக்குன்னு தெரிஞ்சு, அடுத்த கட்டத்துக்குப் போகாம காணாமப் போனவங்கள யாரு எண்ணறாங்க? உயிர காப்பாத்தறது அந்த அடுத்த கட்டம்தான். திண்டுக்கல் மாவட்டத்துல பயிற்சி எடுத்த நர்ஸுங்க கர்ப்பப்பை வாயில அசிட்டிக் அமிலம் தடவி நிறம் மாறுதான்னு கண்ணால பாக்கற முறையில ஒரே ஒரு தடவ பண்ணின சோதனை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவ 35 சதவீதம் குறைச்சுச்சுன்னு 2007ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. பரிசோதிச்ச நர்ஸே, சிகிச்சை தேவைப்பட்டு சம்மதிச்சவங்களுக்கு அப்பவே கெட்டுப்போன திசுவ குளிரூட்டி உறைய வைக்கற கிரையோதெரபியும் குடுக்க ஏற்பாடு இருந்துச்சு, அத நர்ஸுங்க செஞ்ச சோதனைக்கு சமமா நான் மதிக்கறேன். ஏதோ இருக்குன்னு ஒரு லெட்டர், அதுவும் புரியாத பாஷையில, வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய்ச் சேர்ற மாதிரி அனுப்பறத விட அனுப்பாம இருக்கறதே மேல். நர்ஸ் ஃபோன் பண்ணணும், மொழிபெயர்ப்பாளரோட, அடுத்த அப்பாயின்ட்மென்ட்ட கையில வச்சுக்கிட்டு.

இதப் படிக்கறவங்கள்ல சில பேர் வீட்டுலயும் ஸ்கிரீனிங் லெட்டர் பிரிக்காம இருக்கலாம், அம்மாவோடதோ மாமியாரோடதோ உங்களோடதோ. கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி கேக்கலாம், தயங்காதீங்க. பெண் நர்ஸ்தான் பாப்பாங்களா, மொழிபெயர்ப்பாளர் குடுப்பீங்களா, செலவு உண்டா, எச்பிவி சோதனைன்னா நானே எடுத்துக்கலாமா, சின்ன ஸ்பெகுலம் இருக்கா, இந்த மாசம் நோன்பு, அடுத்த மாசம் தள்ளித் தர்றீங்களா, எல்லாமே கேக்கலாம். மாதவிடாய் நாள்ல பாப் டெஸ்ட்டுக்குப் போகாதீங்க, மேமோகிராம் அன்னிக்கு பவுடர் டியோடரன்ட் போடாதீங்க. மார்புல கட்டியோ, மாதவிடாய் நின்ன அப்புறம் ரத்தமோ, மலத்துல ரத்தமோ ஏற்கனவே இருந்துச்சுன்னா ஸ்கிரீனிங் தேதிக்காகக் காத்திருக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு ஸ்கிரீனிங் இல்ல, உடனே பாக்கணும். அப்புறம் கிளினிக்க விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி ரிசல்ட் எப்ப வரும், யாரு சொல்லுவாங்க, எந்த பாஷையில சொல்லுவாங்க, வரலன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க.